கன்கஷன் பதிவு: ஒன்றுகூட இல்லை

2010 ஏப்ரல் 26. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஓவன் தாமஸ் அன்று தற்கொலை செய்துகொண்டார். வயது 21. ஆறடிக்கு மேல் உயரம், நீளமாக வளர்த்த செம்பட்டை முடி, எதிராளியைத் தள்ளி நிறுத்துவதற்கென்றே உருவான உடம்பு. அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க கால்பந்து அணி (பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவரை மோதிச் சாய்க்கும் ஆட்டம் இது) 2009இல் எட்டுக் கல்லூரிகள் ஆடும் ஐவி லீக் பட்டத்தை வென்றபோது தடுப்பு வரிசையில் ஆடியவர். அடுத்த சீசனுக்கு அணித் தலைவர்களில் ஒருவராகச் சக வீரர்கள் அவரைத் தேர்ந்தெடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

பெற்றோர் இருவரும் தேவாலயப் போதகர்கள். கடைசி வாரங்களில் மகன் படிப்புச் சுமையை நினைத்துக் கவலைப்பட்டதும் மனம் தளர்ந்துபோனதும் வீட்டுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதற்கு முன் அவரை அறிந்த யாருக்கும் அது அவருடைய இயல்பாகத் தோன்றியதில்லை. துயரம் ஆறாத அந்த நாட்களிலேயே அவர்கள் மகனின் மூளையைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். அப்படியொரு சம்மதத்தைக் கொடுக்க ஒரு தாய் தகப்பனுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று இதை எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையில் ஓவனின் மூளையைப் பற்றிச் சொல்ல முடிகிற எல்லாமே அந்தச் சம்மதத்தால் தெரியவந்தவைதான்.

அங்கே நரம்பு நோய்க்குறியியல் நிபுணர் ஆன் மெக்கீ அந்த மூளையைப் பரிசோதித்தார். இந்தப் பரிசோதனையில் மூளைத் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, மிக மெல்லிய தாள்களாகச் சீவுவார்கள். கெட்டுப்போன டௌ புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு ஏறும்படி சாயம் கொடுப்பார்கள். நோய் முற்றிய மூளையில் அந்தப் பழுப்பு வெறும் கண்ணுக்கே தெரியும், காபி சிந்திய துணிபோல. 21 வயதுக்காரரின் முன்மூளைப் புறணி சுத்தமாக இருக்க வேண்டும். ஓவனுடைய மூளையில் பழுப்புத் திட்டுகள் இருந்தன. சிடிஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோயின் தொடக்க நிலை அது. தலையில் திரும்பத் திரும்ப அடி விழுவதால் மூளையில் மெல்லப் படர்கிற சிதைவு. 2010 செப்டம்பரில் முடிவு வெளியானபோது, அதுவரை இந்த நோய் உறுதிசெய்யப்பட்டவர்களில் மிக இளையவர்களில் ஒருவராக அவர் இருந்தார்.

மருத்துவ உலகை உலுக்கியது வயது மட்டுமல்ல. ஓவனுக்குக் கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை கலங்கும் அதிர்ச்சி, வந்ததாக எந்த மருத்துவரும் எழுதிவைத்ததில்லை. அவர் மயங்கி விழுந்ததில்லை. தலைவலி என்று யாரிடமும் முறையிட்டதுமில்லை. வலித்தாலும் சொல்லாமல் ஆடியிருக்கக்கூடிய பிள்ளைதான் என்று குடும்பத்தினரே ஒப்புக்கொண்டார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: பதிவேட்டில் ஒரு கன்கஷன்கூட இல்லாதவரின் மூளையில் இந்தப் பழுப்பு எப்படி வந்தது?

இந்த நோயின் வரலாறு குத்துச்சண்டை வளையத்தில் தொடங்குகிறது. 1928இல் ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் தள்ளாடி நடக்கும், நாக்குக் குழறும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுதினார். பிட்ஸ்பர்க் அணியில் அமெரிக்க கால்பந்து ஆடி ஓய்வுபெற்ற மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த பென்னட் ஒமாலு அதே சிதைவை அவர் மூளையில் கண்டார். 2005இல் அதை ஆய்விதழில் வெளியிட்டதும் பெரிய சர்ச்சை கிளம்பியது. ஆனால் அப்போதும் பேச்செல்லாம் கோடிகளில் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்களைப் பற்றித்தான். ஓவன் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை. ஒன்பது வயதில் ஹெல்மெட் மாட்டி, உள்ளூர்ச் சிறுவர் அணி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி என்று படிப்படியாக வந்தவர். அவர் மூளை வாங்கிய அடி எல்லாமே சிறுவனாகவும் மாணவனாகவும் இருந்தபோது வாங்கியவை.

அந்த அடிகள் எப்படிப்பட்டவை என்பதை நானே ஒருநாள் கிட்ட நின்று பார்த்தேன்.

பிசியோதெரபி என் தொழில். விபத்தில் தலை அடிபட்டவர்களை மறுபடி நடக்கவைக்கும் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். ஒரு ஆகஸ்ட் மாதம் நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஊர்ச் சிறுவர் அணியில் அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தான். சாயங்காலப் பயிற்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே இரண்டு பையன்கள் மல்லாக்கப் படுக்க வேண்டும், தலைக்குத் தலை நேராக. விசில் ஊதியதும் எழுந்து, திரும்பி, ஓடிவந்து ஒருவனை ஒருவன் மோதிச் சாய்க்க வேண்டும். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடிக்கும் சத்தம், கெட்டியான பிளாஸ்டிக் வாளியைத் தரையில் ஓங்கி அடித்தமாதிரி இருந்தது. மூன்றாவது சுற்றில் ஒரு குட்டிப் பையன் எழுந்து நின்று, முகக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நாலைந்து தடவை கண்ணைச் சிமிட்டினான். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றான், அடுத்த முறைக்காக. யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவன் விழவில்லை, அழவில்லை, வாந்தி எடுக்கவில்லை. கேட்கவேண்டிய அறிகுறி எதுவும் அவனிடம் இல்லை.

வரும்போது காரில் அக்கா மகன் கேட்டான்: "சித்தி, நான் ஒரு தடவகூடக் கீழ விழல, பாத்தீங்களா?"

பார்த்தேன். அதுதான் எனக்கு உறுத்தியது. அக்காவிடம் இரவில் சொன்னபோது, "உனக்கு எதப் பாத்தாலும் வியாதியாத்தான்டி தெரியும்" என்றாள்.

கன்கஷன் அளவுக்குப் போகாத இந்தச் சின்ன இடிகளை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபன் டூமாவின் குழு ஏழு, எட்டு வயதுப் பையன்கள் ஏழு பேரின் ஹெல்மெட்டுக்குள் உணர்கருவி வைத்து ஒரு சீசன் முழுக்க அளந்தது. 2012இல் வெளிவந்த அந்தக் கணக்குப்படி, சராசரியாக ஒரு பையனின் தலைக்கு ஒரு சீசனில் 107 மோதல்கள். சில மோதல்கள் கல்லூரி வீரர்கள் வாங்கும் அடிக்கு ஈடானவை. பலமான அடிகளில் பெரும்பகுதி ஆட்டத்தில் விழவில்லை, பயிற்சியில் விழுந்தது. நான் பார்த்த அந்த ஆரஞ்சுக் கூம்புகள் போன்ற இடத்தில்.

பிறகு வந்த பெரிய கணக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்துடையது. 6 முதல் 14 வயதுவரை உள்ள பையன்களில், மோதிச் சாய்க்கும் டேக்கிள் ஆட்டம் ஆடுபவருக்கு ஒரு சீசனில் தலை மோதல்கள் நடுமதிப்பாக 378. இடுப்புப் பட்டையில் தொங்கும் துணியை உருவினால் போதும் என்ற ஃப்ளாக் ஆட்டத்தில் அதே வயதுப் பையனுக்கு 8.

378 தடவை மோதினால் மூளைக்குள் என்ன ஆகிறது? மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மென்மையான பொருள் மூளை. தலை சட்டென்று நிற்கும்போதும் திரும்பும்போதும் அது உள்ளே இழுபடுகிறது, முறுகுகிறது. மண்டையோடு உடையாமல் காப்பதற்காக உருவானது ஹெல்மெட். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. உள்ளே மூளை ஆடுவதை அதனால் நிறுத்த முடியாது. நரம்பணுக்களின் நீண்ட இழைகளுக்குள் சத்துப்பொருள்கள் ஓடுவதற்கு நுண்ணிய தடங்கள் உண்டு. தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள்போல அந்தத் தடங்களைப் பிடித்து நிறுத்துவது டௌ புரதம். இழுபடும் இழையில் டௌ கழன்று, வேதிமாற்றம் அடைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. மூளை மடிப்புகளின் ஆழத்தில், சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றி இது முதலில் சேர்கிறது. அடி விழும்போது அழுத்தம் குவிவதும் அதே மடிப்படியில்தான். சிடிஇயை அல்சைமரிலிருந்து பிரித்துக்காட்டும் முத்திரையாக நிபுணர் குழு பின்னர் ஏற்றுக்கொண்டதும் இந்த இடத்தைத்தான்.

2018இல் ஆய்வாளர் லீ கோல்ட்ஸ்டைனின் குழு, தலையில் அடிபட்டுச் சில நாள், சில மாதங்களுக்குள் இறந்த பதின்வயது விளையாட்டு வீரர்களின் மூளைகளைப் பார்த்தது. ரத்தக் குழாய்ச் சேதமும் டௌ சேர்வும் அவற்றில் தெரிந்தன. கூடவே எலிகளில் செய்த சோதனை இன்னும் தெளிவாகப் பேசியது: அடி விழுந்தவுடன் எலி தடுமாறியதா இல்லையா என்பதற்கும், பின்னால் மூளையில் சிதைவு வந்ததா என்பதற்கும் தொடர்பே இல்லை. அறிகுறி ஒரு பக்கம், சேதம் இன்னொரு பக்கம். ஓவனின் பதிவேடு ஏன் காலியாக இருந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த மிக நெருக்கமான விடை இது.

பிள்ளைகளின் உடலமைப்பு இதை மோசமாக்குகிறது. பள்ளிக்குப் போகும் வயதிலேயே தலை கிட்டத்தட்டப் பெரியவர்கள் அளவுக்கு வளர்ந்துவிடும். கழுத்துத் தசைக்கு அந்த வளர்ச்சி இல்லை. அந்த மெல்லிய கழுத்தின்மேல் கனமான ஹெல்மெட்டையும் வைக்கிறோம். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள காப்புறை இருபது வயது தாண்டியும் உருவாகிக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னதை வைத்து, ஆடும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த நோய் வரும் என்று யாராவது நினைத்தால் அது தவறு. எண்களை அவற்றின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாஸ்டன் மூளை வங்கி 2017இல் வெளியிட்ட தொகுப்பில், தேசியத் தொழில்முறை லீகில் ஆடிய 111 பேரில் 110 பேருக்கு சிடிஇ இருந்தது. கல்லூரிவரை மட்டும் ஆடிய 53 பேரில் 48. உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்திய 14 பேரில் 3. 2023இல் வந்த இன்னொரு தொகுப்பு எனக்கு அதைவிட முக்கியம்: 30 வயதுக்குள் இறந்த, மோதல் விளையாட்டு ஆடிய 152 பேரின் மூளைகள். அவற்றில் 63இல் சிடிஇ. பெரும்பாலானவை ஓவனுடையதைப் போலத் தொடக்க நிலை. அந்த 63 பேரில் பத்துக்கு ஏழு பேர் தொழில்முறையில் ஆடாதவர்கள்.

மூளை வங்கிக்கு மூளை வருவது எப்படி என்பதை மறக்கக் கூடாது. பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்று பார்த்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் தானம் கொடுக்கின்றன. ஆகவே 152இல் 63 என்பதை மைதானத்தில் ஓடும் பையன்களுக்குப் பொருத்திச் சதவீதம் போட முடியாது. அந்த ஆய்வாளர்களே அப்படிச் செய்யாதீர்கள் என்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல ஆய்வு உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். பள்ளியில் அமெரிக்க கால்பந்து ஆடிய ஆண்களுக்கும் ஆடாதவர்களுக்கும் 65 வயதையொட்டி நினைவாற்றலிலோ மனச்சோர்விலோ பாதகமான வேறுபாடு தெரியவில்லை. 2017இல் வெளிவந்த இந்த முடிவைப் பலர் வசதியாக விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். நாலு வருஷம் பள்ளியில் ஆடிவிட்டு நிறுத்திய தகப்பன்மார் ஆயிரக்கணக்கில் நன்றாகவே இருக்கிறார்கள் என்பது உண்மை, அவர்களை வீணாகப் பயமுறுத்துவது பாவம். ஆனால் 1950களின் பையன்கள் ஆடிய ஆட்டமும், ஏழு வயதில் தொடங்கிப் பதினைந்து வருஷம் ஓடுகிற இன்றைய பாதையும் ஒன்றல்ல.

வருஷக் கணக்குதான் இங்கே முக்கியம். 266 முன்னாள் வீரர்களின் மூளைகளை வைத்து 2020இல் வந்த ஆய்வில், ஆடிய ஒவ்வொரு வருஷத்துக்கும் சிடிஇக்கான வாய்ப்பு 30 சதவீதம் ஏறியது. 2.6 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. 2023இல் 631 மூளைகளை வைத்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. மருத்துவர் கண்டுபிடித்த கன்கஷன்களின் எண்ணிக்கை நோயைக் கணிக்க உதவவில்லை. தலை வாங்கிய அடிகளின் மொத்த விசை உதவியது. ஒன்பது வயதில் தொடங்கிய ஓவனுக்கு அந்தக் கணக்கில் ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம்.

ஓவனின் மரணத்துக்கு இந்தப் பழுப்புத் திட்டுகள்தான் காரணமா? பரிசோதித்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. 2023 தொகுப்பில் சிடிஇ இருந்த இளைஞர்களுக்கும் இல்லாத இளைஞர்களுக்கும் மனச்சோர்வும் சினமும் ஏறக்குறைய ஒரேமாதிரிதான் இருந்தன. இந்த வரியை ஆடிய பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இரண்டு தடவை படிக்க வேண்டும். தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமல் போவது, இவை வந்தால் "எனக்கு அந்த நோய் வந்துவிட்டது, இனி அவ்வளவுதான்" என்று முடிவுகட்டக் கூடாது. உயிரோடிருப்பவருக்கு சிடிஇயை உறுதிசெய்யும் பரிசோதனை கிடையாது. ஆனால் மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, தூக்கத்துக்குச் சிகிச்சை உண்டு, தலைவலிக்கு உண்டு. எங்கள் பிரிவில் தலையில் அடிபட்டு வந்தவர்கள் இவற்றிலிருந்து மீண்டு வேலைக்குப் போவதைக் கண்ணால் பார்க்கிறேன். சாகவேண்டும் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

இது அமெரிக்க கால்பந்தோடு முடியும் கதையும் அல்ல. ஸ்காட்லாந்தில் நாம் அறிந்த, காலால் உதைத்து ஆடும் கால்பந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் பதிவுகளை வில்லி ஸ்டூவர்ட் குழு ஆராய்ந்து 2019இல் எழுதியது: மூளை சிதைவு நோய்களால் அவர்கள் இறப்பது பொதுமக்களைவிட மூன்றரை மடங்கு. பந்தைத் தலையால் முட்டுவதைப் பிள்ளைகளுக்குக் குறைக்கும் விதிகள் சில அதையொட்டி வந்தன. அமெரிக்காவில் இந்தக் கால்பந்துக்கான சங்கம் 2015லேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதைத் தடைசெய்துவிட்டது. கனடாவில் சிறுவர் ஐஸ் ஹாக்கியில் உடம்பால் மோதுவதை 2013இல் 13 வயதுக்குட்பட்டோருக்கு நிறுத்தினார்கள். டொரண்டோ பக்கம் பிள்ளைகளை ஹாக்கிக்கு அனுப்பும் நம்மவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஓவனின் அணி ஆடிய ஐவி லீகில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முடிவு வெளியான மறு வருஷம், 2011இல், சீசன் நடக்கும்போது முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்று அந்த லீக் விதி கொண்டுவந்தது. தேசிய விதி ஐந்து நாள்வரை அனுமதித்த காலம் அது. டார்ட்மவுத் கல்லூரிப் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் 2010லேயே இன்னும் துணிந்துவிட்டார். பயிற்சியில் வீரர்கள் ஒருவரையொருவர் சாய்ப்பதே கிடையாது, பஞ்சுப் பொம்மையைச் சாய்க்கட்டும் என்றார். பின்னால் அந்தக் கல்லூரியின் பொறியியல் மாணவர்கள் ஓடும் பொம்மை ஒன்றையே செய்து கொடுத்தார்கள். இப்படிப் பழகினால் ஆட்டத்தில் மெத்தனமாகிவிடுவார்கள் என்றார்கள் பலர். 2015இல் டார்ட்மவுத் லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 2016இல் எட்டுக் கல்லூரிப் பயிற்சியாளர்களும் ஒருமனதாக சீசன் காலப் பயிற்சியில் சாய்ப்பதை விலக்க முடிவெடுத்தார்கள்.

பள்ளிக்கூடச் சட்டங்கள் வேறு பாதையில் போயின. 2009இல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கிவைத்து, சில வருஷத்தில் 50 மாநிலங்களுக்கும் பரவிய சட்டங்கள் சொல்வது இது: கன்கஷன் சந்தேகம் வந்தால் பிள்ளையை வெளியே எடு, மருத்துவர் அனுமதிக்காமல் திரும்ப இறக்காதே. இது பல உயிர்களைக் காக்கும் நல்ல சட்டம். ஆனால் ஓவனுக்கு இந்தச் சட்டம் ஒருநாள்கூடப் பயன்பட்டிருக்காது. அவர் விஷயத்தில் சந்தேகமே எழவில்லையே. கலிஃபோர்னியாவில் 12 வயதுக்குட்பட்டோருக்கு டேக்கிள் ஆட்டத்தையே தடைசெய்யும் மசோதா வந்தது. அதில் கையெழுத்திடமாட்டேன் என்று 2024 ஜனவரியில் ஆளுநர் சொல்லிவிட்டார். அங்கே இருப்பது நேரக் கட்டுப்பாடு: சிறுவர் அணிக்கு சீசனில் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் முழு மோதல் பயிற்சி கூடாது. நான் தடையின் பக்கம்தான். ஆட்டத்தை விடச் சொல்லவில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை சாய்க்கும் ஆட்டம் வேண்டாம் என்கிறேன். அந்த ஐந்தாறு வருஷத்தைக் கழித்தாலே மொத்தக் கணக்கு எவ்வளவோ இறங்கிவிடும்.

அக்காவிடம் நான் தடை கிடை என்றெல்லாம் பேசவில்லை. 378, 8 என்ற இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். மறுவாரம் தானே போய்ப் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: வாரத்துக்கு எத்தனை நிமிடம் பிள்ளைகள் ஒருவரையொருவர் மோதுகிறார்கள்? அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. அட்டையில் செருகிய பயிற்சித் தாளை எடுத்து, பேனாவால் ஒவ்வொரு வரியாகக் கூட்டினார். 110 நிமிடம் வந்தது. இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார்.

அந்த சீசன் முடிந்ததும் அக்கா மகன் ஃப்ளாக் அணிக்கு மாறினான். முதல் மாதம் என்னிடம் போனில் பேசவே இல்லை. சாய்க்காமல் ஆடுவது ஆட்டமே இல்லை என்பது அவன் கட்சி. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஆட்டம் இருக்கிறது என்று அக்கா சொல்லித்தான் கொஞ்சம் இறங்கி வந்தான். பழைய ஹெல்மெட் இன்னும் அவன் அலமாரி மேல் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மறுபடி கேட்பேன் என்று சொல்லியிருக்கிறான். அப்போது உட்கார்ந்து பேசலாம் என்று அக்காவும் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.